எவ்வளவோ அவ்வளவு

நாமக்கல்லையும் கணிதத்தையும் சேர்த்துச் சொன்னால் எல்லோரும் உடனே சீனிவாச ராமானுஜனுக்குப் போய்விடுவார்கள். அதில் தவறில்லை. 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்த அவருக்குக் குலதெய்வம் நம் நாமகிரித் தாயார். ஆனால் ராமானுஜன் கதையில் ஒரு பகுதியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. எப்.ஏ. பரீட்சையில் தேறாமல், வேலையும் கிடைக்காமல் இருந்த நாட்களில் பிழைப்புக்காகப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துப் பார்த்தார். அது அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை. பாடப்புத்தகத்தின் வேகத்தில் நடக்க அவரால் முடியவில்லை. மலையேறத் தெரிந்தவர் எல்லோரும் நடைவண்டி பிடித்து நடக்கக் கற்றுத்தர முடியாதல்லவா?

இந்தக் கட்டுரை மேதைகளைப் பற்றியதல்ல. “எனக்குக் கணக்கு வராது” என்று சொல்லும் சாதாரணப் பிள்ளைகளைப் பற்றியது. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இயற்கணிதத்தின் முதல் படியை ஏற்றிவிட நம் முன்னோரும் பிற நாட்டாரும் என்னென்ன செய்து பார்த்திருக்கிறார்கள் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். நான் கணித ஆசிரியன் அல்ல. புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சு வழியில் படித்து, சேலத்தில் பெண் எடுத்து, சேலம், நாமக்கல் கருவூலங்களில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். சம்பளப் பட்டியல்களைச் சரிபார்த்தே காலம் போயிற்று. அந்த வேலைக்கும் இயற்கணிதத்துக்கும் உள்ள உறவு பின்னால் வரும்.

திண்ணையிலிருந்து தொடங்குவோம்.

சென்னை மாகாண கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோவை நம் பக்கத்துக்காரர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. கர்னல் ரீடின் கீழ் இளம் அதிகாரியாகப் பாராமகாலில் ஏழு ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றியவர். 1822 ஜூன் மாதத்தில் அவர் எல்லா கலெக்டர்களையும் தத்தம் ஜில்லாவில் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுத்து அனுப்பச் சொன்னார். சேலத்திலிருந்தும் அறிக்கை போனது. மாகாணம் முழுவதுக்கும் கூட்டிப் பார்த்தபோது 12,498 பள்ளிகள் இருந்தன. கிட்டத்தட்ட ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. அவற்றில் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகளே.

அந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்ற மூன்றும் மனப்பாடம். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு, காணி என்றால் 80-இல் ஒரு பங்கு, மா என்றால் 20-இல் ஒரு பங்கு. நெல்லுக்கு ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம். எழுபது வயதைத் தாண்டிய வாசகர்களில் சிலருக்கு, பாட்டன் வாயிலிருந்து இந்த வாய்பாடுகள் சரம் சரமாக வந்தது நினைவிருக்கலாம்.

இந்தப் பள்ளிகளில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. வாத்தியார் ஒருவர்தான், பிள்ளைகள் பலர். ஆகவே கொஞ்சம் தேறிய பையன் சட்டாம்பிள்ளை ஆவான். தான் கற்றதைச் சிறியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் ஒருநாள் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முடியாது என்று தட்டிக் கழிக்கவே, ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். பையன் சாதித்துக் காட்டினான். பெல் லண்டன் திரும்பி 1797-இல் இதைப் புத்தகமாக எழுதினார். அந்த முறைக்கு “மெட்ராஸ் முறை” என்றே பெயர் நிலைத்துவிட்டது. அங்கிருந்து இதே போன்ற முறை பிரான்சுக்கும் போய், அங்கே “பரஸ்பரப் போதனை” என்ற பெயரில் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான பள்ளிகளில் நடந்தது. நம் திண்ணைச் சரக்கு கப்பலேறிப் போய்ப் புதுப் பெயர் பெற்றதுதான்.

சரி, திண்ணையில் இயற்கணிதம் இருந்ததா? இன்றைய உருவத்தில் இல்லை. ஆனால் தெரியாத ஒன்றைத் தெரிந்தவற்றிலிருந்து கண்டுபிடிக்கும் கணக்குகள் இருந்தன. காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் நிலம், பொன், நெல் என்று வகை வகையாகக் கணக்குகள் உண்டு. புதிர்க் கணக்குகளும் உண்டு. வடமொழியில் பாஸ்கராசாரியார் 1150-இல் எழுதிய லீலாவதியில் இஷ்ட கர்மம் என்று ஒரு வழி சொல்லியிருக்கிறார். விடை தெரியாவிட்டால் மனதுக்குப் பிடித்த எண் ஒன்றை விடையாக வைத்துக்கொள். பிறகு திருத்திக்கொள் என்பதுதான் அந்த வழி.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு தொகை, அதில் பாதி, அதில் கால், மூன்றும் சேர்ந்தால் 35. தொகை என்ன? 4 என்று வைத்துக்கொள்வோம். 4, 2, 1 சேர்ந்தால் 7. நமக்கு வேண்டியது 35. அது ஏழைப் போல ஐந்து மடங்கு. ஆகவே விடையும் நான்கைப் போல ஐந்து மடங்கு, அதாவது 20. எகிப்தில் மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய பாப்பிரஸ் சுருளிலும் இதே வழி இருக்கிறது. எளிய பிள்ளைக்கு இது மிகவும் பிடிக்கும். ஏனென்றால் “தெரியாது” என்று உட்கார்ந்திருக்காமல் ஏதோ ஒன்றை எழுதித் தொடங்கலாம்.

ஆனால் இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. கணக்கில் மடங்குகளோடு தனியாக ஒரு தொகை கூடவோ குறையவோ செய்தால் இது காலை வாரிவிடும். அங்கேதான் இயற்கணிதம் தேவைப்படுகிறது.

பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய நூலிலும், பின்னால் பாஸ்கரரின் பீஜகணிதத்திலும் தெரியாத எண்ணுக்குப் பெயர் வைத்தார்கள். தெரியாதவை பல இருந்தால் காலகம், நீலகம், பீதகம் என்று கறுப்பு, நீலம், மஞ்சள் நிறங்களின் பெயர். ஒன்றே ஒன்று என்றால் “யாவத் தாவத்”. நம் மொழியில் சொன்னால் “எவ்வளவோ அவ்வளவு”. எழுதும்போது முழுச் சொல்லையும் எழுதாமல் முதல் எழுத்தான “யா”வை மட்டும் எழுதுவார்கள். எனக்கு இந்தப் பெயரின் மேல் தனிப் பிரியம். எவ்வளவு என்று இப்போது தெரியாது. ஆனால் ஏதோ ஓர் அளவு இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும், வேலையைத் தொடங்குவோம் என்ற நிதானம் அதில் இருக்கிறது. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் தெரியாத எண்ணை “லேங்கொன்யூ” என்பார். பிரெஞ்சில் அது பெண்பால். முன்பின் அறியாத பெண்மணி என்றும் பொருள்படும். வகுப்பில் பையன்கள் சிரிப்போம்.

இன்று உலகம் முழுவதும் எழுதும் எக்ஸ், ஒய் எல்லாம் மிகவும் பிந்தி வந்தவை. 1591-இல் பிரான்சின் வியேத் தெரியாதவற்றுக்கு உயிரெழுத்துகளையும் தெரிந்தவற்றுக்கு மெய்யெழுத்துகளையும் வைத்தார். 1637-இல் தெகார்த் அகரவரிசையின் கடைசி எழுத்துகளைத் தெரியாதவற்றுக்கு ஒதுக்கினார். சமக்குறி 1557-இல் ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ் நாட்டு வைத்தியர் போட்டது. ஒரே நீளமான இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை வேறென்ன இருக்க முடியும் என்பது அவர் நியாயம்.

அல்ஜீப்ரா என்ற பெயர் எங்கிருந்து வந்தது? 820-ஆம் ஆண்டை ஒட்டி பாக்தாதில் இருந்த அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரில் “அல்ஜப்ர்” என்ற சொல் இருக்கிறது. குறைந்ததை நிறைவு செய்தல், முறிந்ததைச் சேர்த்தல் என்று பொருள். ஸ்பெயின் நாட்டில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவரையே ஒரு காலத்தில் “அல்ஹெப்ரிஸ்தா” என்று அழைத்தார்களாம். சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் ஏதாவது குறைந்திருந்தால் அதைச் சேர்த்து முழுதாக்கு. அதே அளவை மறுபக்கத்திலும் சேர்த்துவிடு. இவ்வளவுதான் அல்ஜப்ர். அவர் நூல் முழுவதும் சொற்களாலேயே எழுதப்பட்டது. குறியீடு ஒன்றுகூட இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்தது எப்போதோ. அதன் முழு அர்த்தம் விளங்கியது சில ஆண்டுகளுக்கு முன், பள்ளிபாளையம் பக்கம் நாங்கள் குடியிருந்தபோது. எதிர்வீட்டுப் பெண் ஒன்பதாம் வகுப்பு. தாயார் விசைத்தறியில் வேலை. காலாண்டுத் தேர்வில் கணக்கில் 11 மதிப்பெண். “இந்த வருசம் பெயிலாச்சுன்னா நிறுத்தீட்டுத் தறிக்கே கூட்டிட்டுப் போயிடறனுங்க. ரெண்டு ஆள் சம்பளம் வந்தாக் கடனாச்சும் அடையும்” என்று அந்த அம்மாள் என் மனைவியிடம் சொன்னாள். மிரட்டலாகச் சொல்லவில்லை, முடிவு செய்துவிட்ட குரலில் சொன்னாள். மாலையில் அனுப்பி வையுங்கள் என்றேன்.

அந்தப் பெண்ணிடம் 3 எக்ஸ் + 5 = 20 என்று எழுதிக் கொடுத்தேன். “அந்தப் பக்கம் போனாக் குறி மாறுமுங்க தாத்தா” என்று சொல்லிக்கொண்டே ஐந்தை அனுப்பி 15 ஆக்கினாள். அடுத்து மூன்றையும் அதே போல அனுப்பி, 15-இல் 3 போக 12 என்று எழுதினாள். “பன்னிரண்டை மூணால பெருக்கி அஞ்சைக் கூட்டிப் பாரு கண்ணு” என்றேன். 41 வந்தது. “எனக்குக் கணக்கே வராதுங்க தாத்தா” என்று நோட்டை மூடிவிட்டாள்.

அவளுக்குக் கூட்டல், பெருக்கல் நன்றாக வந்தது. விதியும் மனப்பாடம். அந்த விதி எதற்காக என்பதுதான் அவளுக்குச் சொல்லப்படவில்லை. “பக்கம் மாறினால் குறி மாறும்” என்பது அல்ஜப்ரின் சுருக்கம். வழி தெரிந்தவனுக்கு அது குறுக்குவழி. தெரியாதவனுக்கு அது மந்திரம். மந்திரத்தில் ஓரெழுத்துப் பிசகினாலும் போச்சு. இன்னொன்றையும் கவனித்தேன். சமக்குறியை அவள் “விடை இதோ வருகிறது” என்ற அறிவிப்பாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் ஒரே எடை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

எக்ஸை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டேன். “அம்மாவுக்கு வாரம் எத்தனை நாள் வேலை?” இந்த வாரம் ஐந்து நாள் என்றாள். “கையில எவ்வளவு வந்துது?” 1,750. “முன்பணத்துக்குப் பிடிச்சாங்களா?” 500 பிடித்தார்கள். “அப்ப ஒரு நாள் கூலி எவ்வளவு?” அவள் பேனாவையே எடுக்கவில்லை. “பிடிச்ச ஐந்நூறைச் சேத்தினா ரெண்டாயிரத்து இருநூத்தி அம்பது. அஞ்சு நாளைக்கு வகுத்தா நானூத்தி அம்பதுங்க.”

கருவூலத்தில் நாங்கள் தினமும் செய்தது இதுதான். கைக்கு வந்த தொகையோடு வருங்கால வைப்புநிதி, திருவிழா முன்பணம் என்று எல்லாப் பிடித்தங்களையும் திரும்பச் சேர்த்தால் மொத்தச் சம்பளம் வந்தாக வேண்டும். வராவிட்டால் பட்டியல் திரும்பிப் போகும். பிடித்ததைத் திரும்பச் சேர்ப்பதற்குத்தான் பாக்தாதில் அல்ஜப்ர் என்று பெயர்.

இந்தக் கணக்கில் இஷ்ட கர்மம் பலிக்காது என்பதையும் கவனியுங்கள். கூலி 200 என்று வைத்தால் ஐந்து நாளுக்கு 1,000. பிடித்தம் போக 500. வேண்டியது 1,750, அது மூன்றரை மடங்கு. 200-இன் மூன்றரை மடங்கு 700 என்று தவறான விடை வரும். அந்த 500 ரூபாய் பிடித்தம் கூலியோடு சேர்ந்து கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அதனால் மடங்குக் கணக்கு பொய்த்துவிடுகிறது.

அவள் வாயால் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னேன். “ஐந்து நாள் கூலியில் 500 போனால் 1,750.” பிறகு “கூலி” என்பதைப் பழைய வழக்கப்படி முதல் எழுத்தால் எழுதினோம். 5 கூ - 500 = 1,750. இரண்டு பக்கமும் 500 சேர்; 5 கூ = 2,250. இரண்டு பக்கத்தையும் ஐந்தால் வகு; கூ = 450. “இரண்டு பக்கமும்” என்ற சொல்லை ஒவ்வொரு வரியிலும் எழுத வைத்தேன். மளிகைக் கடைத் தராசில் ஒரு தட்டில் கை வைத்தால் மறுதட்டு என்ன ஆகும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பத்து நாள் கழித்துத்தான் கூவன்னாவை எடுத்துவிட்டு எக்ஸ் போட்டோம். “இவ்வளவுதானா தாத்தா?” என்றாள்.

இந்த முறை நான் கண்டுபிடித்ததல்ல. 1746-இல் கிளேரோ என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் தொடக்க நிலையினருக்காகவே ஓர் இயற்கணித நூல் எழுதினார். விதிகளை அடுக்காமல் ஒரு பங்கீட்டுக் கணக்கோடு தொடங்குகிறார். 890 லிவ்ர் பணத்தை மூவருக்குப் பிரிக்க வேண்டும். முதல்வனுக்கு இரண்டாமவனைவிட 180 அதிகம். இரண்டாமவனுக்கு மூன்றாமவனைவிட 115 அதிகம். மூன்றாமவன் பங்கு எக்ஸ் என்றால் இரண்டாமவனுக்கு எக்ஸ் + 115, முதல்வனுக்கு எக்ஸ் + 295. மூன்றும் சேர்ந்து 3 எக்ஸ் + 410 = 890. ஆகவே 3 எக்ஸ் = 480; எக்ஸ் = 160. மற்ற இருவருக்கும் 275, 455. எங்கள் வாத்தியாரும் இதே போலக் கணக்கை முதலில் முழு வாக்கியங்களாகக் கரும்பலகையில் எழுதுவார். பிறகு ஒவ்வொரு சொல்லாக அழித்து எழுத்தைப் போடுவார். குறியீடு என்பது வாக்கியத்தின் சுருக்கம் என்று அப்போதே மனதில் பதிந்தது.

இன்னொரு தடை மொழி. தாய்மொழியில் இதைச் சொல்லப் பாடுபட்டவர்களையும் நாம் மறக்கக் கூடாது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823-இல் தொடங்கிய செமினரியில் படித்து, அங்கேயே கணிதம் கற்பித்த கறோல் விசுவநாதபிள்ளை, 1855-இல் “வீசகணிதம்” என்று தமிழில் ஒரு நூல் வெளியிட்டார். பீஜம் என்பதே வீசம் ஆயிற்று. விதை என்று பொருள். நம் பக்கத்தில் வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. பெயரைக் கேட்டு யாராவது பின்னக் கணக்கு என்று நினைத்திருந்தாலும் வியப்பில்லை. அந்தச் செமினரி அதே 1855-இல் மூடப்பட்டது.

நம் சேலத்துக்கும் இதில் பங்குண்டு. 1916-இல் இங்கே வக்கீலாக இருந்த ராஜாஜி, வெங்கடசுப்பையருடன் சேர்ந்து தமிழில் சாஸ்திரச் சொற்களை உண்டாக்க ஒரு சங்கம் தொடங்கினார். தாவரவியல், ரசாயனம், பௌதிகம், வானநூல், கணிதம் எல்லாவற்றுக்கும் சொல் தேடினார்கள். அதற்காகவே ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். மறு ஆண்டு அவர் சேலம் முனிசிபாலிட்டியின் சேர்மன் ஆனார். பிற்காலத்தில் “திண்ணை ரசாயனம்” என்று நூலுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. இன்று நம் பிள்ளைகள் இயல்பாகச் சொல்லும் சமன்பாடு, மாறி, கெழு, இயற்கணிதம் போன்ற சொற்கள் நிலைப்பதற்கு முன் பலர் பல ஆண்டுகள் இப்படிச் சொல் தேடி உழைத்திருக்கிறார்கள். “சமன்பாடு” எவ்வளவு நல்ல சொல்! சமன் என்பது அதிலேயே இருக்கிறது. அதை ஒருமுறை நிறுத்தி விளக்கினால் போதும். தராசு தானே வந்துவிடும்.

அந்தப் பெண் அரையாண்டில் 38 வாங்கினாள். முழு ஆண்டுத் தேர்வில் 52. பெரிய மதிப்பெண் இல்லைதான். ஆனால் 35-க்கு மேலே இருந்ததால் பத்தாம் வகுப்புக்குப் போனாள்; அந்த வருஷம் தறிக்குப் போகவில்லை. மாசி மாத வாக்கில் இன்னும் இரண்டு தோழிகளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே சொல்லிக் கொடுத்தாள். அவர்களில் ஒருத்தியின் தகப்பனார் கோழிப் பண்ணை வேலை. அவளுக்குக் கூலிக் கணக்கைவிட உடைந்த முட்டைக் கணக்குத்தான் சீக்கிரம் விளங்கும் என்று எதிர்வீட்டுப் பெண்ணே கண்டுபிடித்தாள். உடைந்த முட்டைகளைத் திரும்பச் சேர்த்து, மொத்தத்தை அட்டைக் கணக்கில் வகுத்தாள். சட்டாம்பிள்ளை முறை நம் ஊரில் இன்னும் செத்துப் போகவில்லை.

ஓய்வு பெற்ற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலருக்கு மாலை நேரம் சும்மா கிடக்கிறது. பக்கத்து வீட்டில் நிச்சயம் ஒரு பிள்ளை கணக்கில் திணறிக்கொண்டிருக்கும். பட்டம் எதுவும் தேவையில்லை, பொறுமை போதும். முதல் நாளே எக்ஸைக் கையில் எடுக்காதீர்கள். வீட்டுக்கு எவ்வளவு வருகிறது, அதில் எது பிடித்தம் ஆகிறது என்று கேளுங்கள். அந்தக் கணக்கைப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் போட்டுவிடுவார்கள். பிறகு போட்டதை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.